பாலத்துக்குக் கீழே

பாங்காக்கின் மோ சிட் பஸ் நிலையத்தில் இரவு ஏறினால், விடியும்போது மே சோட். தாய்லாந்தின் மேற்கு ஓரம், தாக் மாகாணம். அங்கே கடலும் கிடையாது, பெரிய கோயிலும் கிடையாது. எல்லையைப் பார்க்கத்தான் போனேன்.

2023 டிசம்பர். அதற்கு முந்தைய மாதம் 10ஆம் தேதியிலிருந்துதான் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்ற சலுகை வந்திருந்தது. விமான நிலையத்தில் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள்.

ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் மோய் ஆறு. அக்கரை மியான்மரின் மியாவடி. நடுவே 1997இல் திறந்த நட்புப் பாலம். லாரிகளுக்கு 2019இல் இன்னொரு பாலம் வந்துவிட்டதால் இதில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், கையில் காகிதத்தோடு. காகிதம் இல்லாதவர்களுக்குப் பாலத்துக்குக் கீழே வழி இருக்கிறது. கள்ளத்தோணி என்று நம் மொழியில் ஒரு சொல் உண்டு. இலங்கையில் மலையகத் தமிழர்களை வைவதற்கே பயன்பட்ட சொல். அதைக் கேட்டாலே எனக்கு இருட்டும் பதுங்கலும்தான் நினைவுக்கு வரும். இங்கே பட்டப்பகல். காற்றடித்த லாரி ட்யூப் ஒன்றில் ஒரு அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு, மடித்த முழங்காலோடு, பஸ்ஸில் போவதுபோல் உட்கார்ந்து வந்தார். ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினான். கரையில் துப்பாக்கியோடு இருந்த காவலர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தங்கிய விடுதியின் உரிமையாளர் அம்மாவுக்குப் பேச ஆசை. போன் மொழிபெயர்ப்பில்தான் பேச்சு. பர்மாக்காரர்கள் வந்து ஊரே கெட்டுவிட்டதாம். திருட்டாம். பிரசவத்துக்கென்றே ஆற்றைத் தாண்டி வருகிறார்களாம். அப்புறம் நேராக 1767க்குப் போய்விட்டார்: எங்கள் பழைய தலைநகர் அயுத்தயாவைக் கொளுத்தியவர்கள்தானே! போன வாரம் நடந்ததுபோல் முகம் சிவந்தது. அப்போது கன்னத்தில் தனக்கா, அதாவது பர்மியர்கள் பூசும் மரப்பட்டைச் சாந்து, பூசிய பெண் ஒருத்தி தேநீர் வைத்துவிட்டுப் போனாள். “இவள்?” என்றேன். அம்மா கையை வீசினார். இவள் அப்படி இல்லை, எங்கள் வீட்டுப் பெண் மாதிரி.

மூன்று நாளில் இதே பதிலைத் துணி வெளுக்கும் கடையில் கேட்டேன், பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். எங்கள் கொத்தனார் தங்கமானவர், மற்றவர்கள்தான் மோசம். அவரவர் விலக்கு அளிக்கும் ஆளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், திட்டு வாங்க ஊரில் ஒரு பர்மாக்காரர்கூட மிஞ்சமாட்டார் போலிருந்தது.

அந்தப் பெண் முன்பு தையல் ஆலையில் இருந்தவள். 2013லேயே நாடு முழுக்கக் குறைந்தபட்ச நாள் கூலி 300 பாத். ஆலையில் தனக்குக் கிடைத்தது அதில் பாதி என்றாள். அவளிடம் அட்டை இருக்கிறது, ஆனால் அது எல்லைப் பகுதிக்கு மட்டும். பாங்காக்கைப் போனில் பார்த்திருக்கிறாள்.

பிரசவக் கதையைக் கேட்ட மறுநாள் மே தாவ் மருத்துவமனைப் பக்கம் போனேன். 1988இல் பர்மாவில் ராணுவ ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது காட்டுவழியே தப்பி வந்த டாக்டர் சிந்தியா மாங் மறு வருடம் தொடங்கியது. ஆரம்பத்தில் கருவிகளைக் கொதிக்கவைக்கச் சோறு வடிக்கும் குக்கர்தான். 2002இல் மகசேசே விருது. வாசலில் வயிறும் பிள்ளையுமாகப் பெண்கள். சரி, பிரசவத்துக்கு வருகிறார்கள் என்று அம்மா சொன்னது பொய்யில்லை. அக்கரையில் 2021 பிப்ரவரியிலிருந்து ராணுவ ஆட்சியும் சண்டையும். வேறு எங்கே போவார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நானும் திரும்பிப் போய்க் கேட்கவில்லை.

திரும்பும்போது பகல் பஸ். ஜன்னல் இருக்கை கேட்டேன், இல்லை என்றார் நடத்துநர். மலைப்பாதையில் சோதனைச் சாவடி. என் பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்ததுமே, “இந்தியா! நமஸ்தே!” என்று சிரித்துவிட்டு நகர்ந்தார் சிப்பாய். எனக்கு முன் இருக்கையில் ஒரு பையன், புதிதாக முடி வெட்டிக்கொண்டு, தாய்லாந்து கால்பந்து சட்டையில். ஏதோ கேட்டார்கள், ஏதோ சொன்னான். பிறகு பாடச் சொன்னார்கள். தேசிய கீதம் என்று பக்கத்திலிருந்தவர் என் காதில் சொன்னார். இரண்டு வரி சரியாகவே பாடினான் போலிருக்கிறது. மூன்றாவதில் நின்றுவிட்டான்.

1951 அகதிகள் உடன்படிக்கையில் தாய்லாந்து கையெழுத்திடவில்லை. குண்டுக்குப் பயந்து வந்தவனா, கூலிக்கு வந்தவனா என்று அந்தச் சாவடியில் யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் எல்லோரும் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். டிரைவர் இன்ஜினை நிறுத்தவே இல்லை.

நடத்துநர் அவன் பையை எடுத்துப் போய்ச் சாலையோரம் வைத்துவிட்டு வந்தார். என்னைப் பார்த்தார். ஜன்னல் இருக்கையைக் கையால் தட்டிக் காட்டினார்.

எழுந்து போய் உட்கார்ந்தேன்.