வீடு வாங்கிய விலை வேறு, திரும்பக் கட்டும் செலவு வேறு

வீட்டுக் கடன் கைக்கு வரப்போகும் நேரத்தில், வீட்டுக்கான காப்பீட்டுப் பாலிசியைக் கொடுத்தால்தான் பணம் விடுவிப்போம் என்றது வங்கி. எவ்வளவுக்கு எடுப்பது என்று கேட்டேன். "கடன் தொகைக்கு இருந்தால் எங்களுக்குப் போதும்" என்றார் அதிகாரி.

வங்கிக்குப் போதும், சரி. நமக்கு? வீடு முழுதாக அழிந்தால் அந்தத் தொகை முதலில் கடனுக்குப் போய்விடும். நம் கையில் வெறும் மனைதான் மிஞ்சும்.

வாங்கிய விலைக்கு எடுப்பதும் சரிவராது. அதில் மனை விலையும் அடக்கம். தீப்பிடித்தாலும் மனை எங்கும் போகாது. மனை விலை உச்சத்தில் இருக்கும் பகுதியில் இப்படி எடுத்தால் பிரீமியம்தான் வீண். மனை மலிவான இடத்தில் நிற்கும் பழைய வீடு என்றால் தலைகீழ். விற்கும் விலையைவிடக் கட்டும் செலவே கூடிவிடும்.

வங்கியின் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். திரும்பக் கட்டும் செலவு என்று ஒரே ஒரு தொகை. அதில் எதெல்லாம் சேர்த்தி என்ற விவரம் இல்லை. அதனால் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துவந்தேன்.

அவர் டேப்பை அறைக்குள் பிடிக்கவில்லை, வெளிச்சுவரை ஒட்டிப் பிடித்தார். "சுவரின் கனத்தையும் கட்டித்தானே ஆக வேண்டும்?" பரப்பளவை இன்றைய கட்டுமான விலையால் பெருக்கியதோடு கணக்கு முடியும் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் அதற்குக் கீழே எழுதிக்கொண்டே போனார்: எரிந்த மிச்சத்தை இடித்து அள்ளும் செலவு, வரைபடம், பொறியாளர் கட்டணம், அனுமதிக் கட்டணம், சுற்றுச்சுவர், வண்டி நிறுத்தும் கொட்டகை. பழைய வீட்டைத் திரும்பக் கட்டும்போது இன்றைய கட்டட விதிப்படிதான் கட்ட வேண்டும், அதற்கும் தனியாக ஒரு தொகை. படிக்கட்டின் கடைசல் வேலை செய்த மரக் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "சதுர அடிக் கணக்கில் இது வராது" என்று அதையும் சேர்த்தார்.

குறைத்து எடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். முழு வீடும் போனால்தான் பாதிப்பு என்றில்லை. கட்ட 100 ஆகும் வீட்டுக்கு 60-க்குத்தான் பாலிசி என்று வையுங்கள். சமையலறை மட்டும் எரிந்து 20 நஷ்டமானால், சில பாலிசிகளில் அதே விகிதத்தில் 12தான் கிடைக்கும். அப்புறம், பழையதற்குப் புதிது கட்டித்தரும் பாலிசியா, தேய்மானம் கழித்துத் தருவதா என்பதையும் பார்க்க வேண்டும். நான் முதல் வகையை எடுத்தேன். பிரீமியம் சற்றுக் கூடுதல்தான், ஆனாலும் வீட்டைத் திரும்பக் கட்ட உதவுவது அதுதான்.

பொறியாளரின் கணக்கையே காப்பீட்டுத் தொகையாக எழுதி, வங்கியின் பெயரையும் பாலிசியில் சேர்த்துக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது மாடியில் ஓர் அறை கட்டிக்கொண்டிருக்கிறோம். வேலை முடிந்ததும், புதுப்பிக்கும் தேதிவரை காத்திராமல், அந்தப் பரப்பையும் பாலிசியில் ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்.