தொட்டியில் முளைக்கீரை: விதை முதல் சட்டி வரை

இரண்டு அகலத் தொட்டிகள். ஒன்றில் பச்சை முளைக்கீரை, இன்னொன்றில் சிவப்புத் தண்டுக்கீரை. வாரத்தில் பாதி நாளாவது சமையலுக்கு இவற்றிலிருந்தே கீரை கிடைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இதுவரை எப்படிப் போகிறது என்று எழுதி வைக்கிறேன்.

விதைப்பு

விதை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஒரு கிராமிலேயே ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும் என்பதால் காய்ந்த மணலோடு கலந்து தூவினேன். மேல்மண் அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். தண்ணீர் பூவாளியால் மட்டும். வேகமாக ஊற்றினால் விதை எல்லாம் ஓரத்துக்குப் போய்ச் சேரும். எறும்புக்கு இந்த விதை மிகவும் பிடிக்கும். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, செங்கலை நீர் நிரப்பிய தட்டில் வைத்துவிட்டேன்.

நல்ல வெயில் படும் இடம்தான் இதற்குச் சரி. கரும்பு, மக்காச்சோளம் போல இதுவும் சி4 வகை, அதாவது கடும் வெயிலிலும் சூட்டிலும் திறமையாக நடக்கும் வகை, ஒளிச்சேர்க்கை செய்யும் செடி. அதனால்தான் பாலக் தண்டு நீட்டிப் பூத்துப்போகும் சூட்டிலும் இது பாட்டுக்கு வளர்கிறது.

முதல் வெட்டு

நெருக்கமாக முளைத்தவற்றை வேரோடு பிடுங்கிக் கலைத்ததே முதல் அறுவடை. அந்தப் பிஞ்சுக் கீரைக்கு ஈடே இல்லை. தண்டு, இலை என்று பிரிக்க வேண்டாம். வேரை மட்டும் கிள்ளிவிட்டு, எண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டு, அலசிய ஈரத்திலேயே வதக்கினால் சில நிமிடங்களில் ஆகிவிடும். சட்டி நிறையப் போட்டது ஒரு கைப்பிடிக்குச் சுருங்கும் என்பதால் உப்பைக் கடைசியில்தான் போடுகிறேன். இலையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், பிறகு சுருங்காமல் என்ன செய்யும்?

மிஞ்சிய செடிகளைத் தரையோடு அறுக்காமல், அடியில் இரண்டு மூன்று கணு விட்டு நுனியை மட்டும் வெட்டினேன். ஒவ்வொரு கணுவிலிருந்தும் பக்கக்கிளை வந்தது. ஆனால் இரண்டாம் வெட்டுக் கீரை முதல் வெட்டு மாதிரி இல்லை. இலை தடிப்பு, தண்டில் லேசாக நார். எந்த வயதில் வெட்டுகிறோமோ அதுதான் அன்றைய சமையலை முடிவு செய்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பிஞ்சு வதக்கலுக்கு, நடுத்தரம் வேகவைத்துக் கடைய, முற்றியதில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை நாருரித்துப் பருப்போடு வேகவிட. தண்டு பாதி வெந்த பிறகே இலையைச் சேர்க்க வேண்டும்.

நடுவில் சில இலைகளின் அடிப்புறம் வெள்ளைக் கொப்புளம் மாதிரிப் புள்ளிகள். வெண்துரு நோய். பட்ட இலைகளைக் கிள்ளி எறிந்தேன். இலை நனையாமல் காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர் விட ஆரம்பித்ததும் பரவுவது குறைந்தது. இலையை வலை பின்னிச் சுருட்டும் பச்சைப் புழுவைக் கையால்தான் பொறுக்குகிறேன். சாப்பிடப் போகிற இலையில் மருந்தடிக்க மனம் வரவில்லை.

சட்டியில்

100 கிராம் பச்சை இலையில் கால்சியம் சுமார் 215 மில்லிகிராம், இரும்பு 2.3, வைட்டமின் சி 43. எண்கள் அழகுதான். ஆனால் கீரையில் ஆக்சலேட் என்ற இயற்கைச் சேர்மமும் நிறைய உண்டு. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் 215-உம் முழுதாக உடம்பில் சேராது. நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போகும், கூடவே வைட்டமின் சி-யும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் ஓரளவு போகும். நான் பிஞ்சை வடிப்பதில்லை, முற்றியதை வடிக்கிறேன். கால்சியம் ஆக்சலேட் சிறுநீரகக் கல் வந்தவர்கள் எப்போதும் வடிப்பதே நல்லது. எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்க வேண்டும். இதில் வைட்டமின் கே மிக அதிகம், திடீரென்று தினமும் சாப்பிடத் தொடங்குவது சரியல்ல.

‘இரும்புச்சத்துக்குக் கீரை’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு அரை நம்பிக்கைதான். தாவர இரும்பு உடம்பில் சேர்வது குறைவு. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் கூடும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். எலுமிச்சையை முன்னாலேயே பிழியக் கூடாது, புளிப்பு பட்டுப் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். மூடி வைத்து வேகவைத்தாலும் இதே கதைதான், இலையிலிருந்து ஆவியாகும் அமிலம் உள்ளேயே நிற்கிறது. கண்ணுக்கு நல்லது என்று சொல்லப்படும் பீட்டா கரோட்டின் சேர எண்ணெய் வேண்டும். எண்ணெயே இல்லாமல் அவித்துத் தின்பது வீண் விரதம்.

சிவப்புக் கீரை வேறு ரகம். பீட்ரூட்டில் இருக்கும் அதே பீட்டாலைன் குடும்ப நிறமி, நீரில் கரைந்துவிடும். வடித்தால் நிறம் முழுக்கத் தண்ணீரோடு ஓடும், தட்டில் வெளிறிய கீரைதான் மிஞ்சும். அதனால் சிவப்பைப் பிஞ்சிலேயே வெட்டி வதக்கிவிடுகிறேன்.

இப்போது

பூ மொட்டு தெரிந்துவிட்டால் இலை சிறுத்துப் போகிறது. அதற்குப் பிறகு வெட்டிப் பயனில்லை என்று பச்சைத் தொட்டியைக் கலைத்து மறுபடி விதைத்தாயிற்று. இனி இரண்டு தொட்டிகளையும் ஒரே நாளில் விதைப்பதாக இல்லை. ஒன்றில் பிஞ்சு இருக்கும்போது மற்றதில் நடுத்தரம் இருக்கட்டும்.

சிவப்பில் ஒரு செடியை விதைக்கு விட்டிருக்கிறேன். பூக்கொத்தை உள்ளங்கையில் தேய்த்துக் கறுப்பு விதை உதிர்ந்தால் அறுத்துக் காயவைக்கலாம். கலைப்பதற்கு முன் பக்கத்திலேயே பச்சையும் பூத்திருந்ததால் மகரந்தம் கலந்திருக்க வாய்ப்புண்டு. இந்த விதையைத் தனித் தொட்டியில் போட்டு, முளைக்கும்போதே நிறம் பார்த்துப் பச்சையை முதலில் சட்டிக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன்.