ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தில் இருந்த நேரம்

செஸ் போட்டியின் ஆறாவது ரவுண்ட் முடிந்த இரவு ஒன்பதரைக்கு, செஸ் சங்கத்திடமிருந்து வாட்ஸ்அப்பில் அந்தக் கடிதம் வந்தது. மூன்றே வரி. என் மகன் முறைகேடாக ஆடியது தெரியவந்ததால் இரண்டு ஆண்டு தடையாம். எந்த ஆட்டம், யார் பார்த்தது, என்ன ஆதாரம் என்று எதுவும் இல்லை. அவனுக்கு அப்போது பதினான்கு வயது. அந்தச் சங்கம் எது என்று எழுதப்போவதில்லை. இதே இடத்தில் வந்து நிற்கும் பெற்றோருக்கு வழி தெரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாளை வீணாக்கினேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று அழுதேன். வக்கீல் சார்தான் நிறுத்தினார். "அம்மா, அதை வச்சு யாரும் உத்தரவு போட முடியாது. என்ன குற்றம், என்ன ஆதாரம், எப்ப விசாரிச்சாங்க, இந்த மூணை மட்டும் எழுத்துல கேளுங்க." ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து, நினைவூட்டுக் கடிதத்துக்குப் பிறகு பதில் வந்தது: ஒரு ஆட்டத்தின் மூவ்கள் என்ஜினோடு, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலோடு, ஒத்துப்போகின்றன, பையன் மூன்று முறை கழிப்பறைக்குப் போனான்.

செஸ்ஸில் ஏமாற்றே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2006இல் டெல்லியில் உமாகாந்த் சர்மா என்ற ஆட்டக்காரர் தொப்பிக்குள் புளூடூத் கருவியோடு பிடிபட்டார். பத்து ஆண்டு தடை. 2010 செஸ் ஒலிம்பியாடில் ஆடிய பிரான்சின் செபாஸ்டியன் ஃபெல்லர் விவகாரத்தில் குறுஞ்செய்திகளே சிக்கின. அங்கெல்லாம் கையில் பிடித்துக் காட்ட ஒரு பொருள் இருந்தது. எங்களுக்கு எதிராக இருந்தது ஒரு சந்தேகம் மட்டும்.

கோபத்தில் நஷ்டஈடு கேட்கலாமா என்றேன். ஏமாற்றினார் என்று குற்றம்சாட்டப்பட்ட அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹான்ஸ் நீமனின் வழக்கைச் சொன்னார் வக்கீல். அப்போது உலக சாம்பியனாக இருந்த கார்ல்சன், செஸ்.காம் இணையதளம் உள்ளிட்டோர் மீது 2022 அக்டோபரில் 10 கோடி டாலர் கேட்டு அமெரிக்காவில் போட்டது, 2023 ஜூனில் தள்ளுபடியானது. ஆகஸ்டில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம். "நமக்கு வேண்டியது பணம் இல்லம்மா, பையன் திரும்ப ஆடணும்."

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். பெரும்பாலும் அரசு அமைப்புகளுக்கு எதிராகப் போடும் மனு அது. சங்கம் தனியார் அமைப்பாயிற்றே என்று எனக்குப் பயம். கிரிக்கெட் வாரியம் 'அரசு' ஆகாது, ஆனாலும் பொதுக்கடமை செய்வதால் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2005இலேயே ஜீ டெலிபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் மனுவில் நீதிபதி அவன் ஏமாற்றினானா என்ற கேள்விக்குள் போகவே இல்லை. ஆதாரத்தின் நகலைக் கொடுங்கள், ஆறு வாரத்துக்குள் நேரில் விசாரித்துக் காரணத்தோடு உத்தரவு போடுங்கள் என்றார். இடைக்கால நிவாரணம் கிடைக்கவில்லை.

சங்கத்தின் விசாரணையில் எங்களைக் காப்பாற்றியது ஸ்கோர் ஷீட்டின், அதாவது ஆடும்போதே மூவ்களை எழுதிவைக்கும் தாளின், கார்பன் காப்பி. சில மூவுக்கு ஒருமுறை கடிகார நேரத்தை ஓரத்தில் குறித்துவைக்கக் கோச் பழக்கியிருந்தார். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி அதை அனுமதிக்கிறது. கரோ-கான் என்ற தொடக்க முறையில் ஆடிய ஆட்டம். முதல் பதின்மூன்று மூவை நான்கே நிமிடத்தில் ஆடியிருந்தான். அதைத்தான் சந்தேகப்பட்டார்கள். அதே பதின்மூன்று மூவும் போட்டிக்கு மூன்று வாரம் முன்பே தேதியோடு லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் அவன் கணக்கில் பதிவாகியிருந்தன. வீட்டில் படித்துவைத்தது. பதினான்காவது மூவுக்கு இருபத்தேழு நிமிடம் யோசித்திருக்கிறான். அங்கிருந்து இரண்டு பெரிய தப்பு. அடித்துத் திருத்தி எழுதிய தடம்கூட அந்தத் தாளில் தெரிந்தது. அவன் எழுந்து போனது எந்த மூவில் என்று கேட்டோம். யாரும் குறித்துவைக்கவில்லை. அன்று வயிற்றுப்போக்குக்கு வாங்கிய மாத்திரையின் பில்லையும் கொடுத்தேன்.

எட்டாவது மாதம் தடையை ரத்து செய்தார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் மாநிலத் தேர்வு அதற்குள் முடிந்துபோயிருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிள்ளையின் ஸ்கோர் ஷீட் ஒன்றைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள். நேரம் குறிக்கப் பழக்குங்கள்.

போன மாதம் மறுபடி ஒரு போட்டி. நான்கு மணி நேர ஆட்டம். வெளியே வந்தவனிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். மூடியே திறக்கவில்லை. "குடிச்சா எழுந்து போகணும்ல அம்மா" என்றான்.