மழை பெய்தால் கூலியும் போச்சு, காயும் போச்சு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் உரம் போடுவது, உதிரிப் பழம் பொறுக்குவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில். அடைமழையில் போட்ட உரம் கரைந்து ஓடிவிடும் என்று வேலையை நிறுத்துவார்கள். நாள் கூலிக்காரருக்கு அன்று கூலி இல்லை. லயத்து வீடுகளுக்குப் பின்னால் அதே பெண்கள் போட்ட பாத்தி முழுகுவதும் அதே மழையில்தான். 2023 மார்ச்சில், பருவமழை அடங்க வேண்டிய நேரத்தில் ஜொகூரில் வெள்ளம் வந்தது. பழைய மாதக் கணக்கை நம்பி நாற்று விட முடியாது.

வறட்சியின் அடி வேறு மாதிரி. மரம் உடனே காட்டாது. பல மாதம் கழித்துத்தான் குலை குறையும். 2015இல் எல் நினோ என்ற கடல் வெப்ப மாற்றம் கொண்டுவந்த வறட்சிக்குப் பிறகு நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறக்குறைய 2 கோடி டன்னிலிருந்து 2016இல் 1.73 கோடி டன்னாக இறங்கியது. வறட்சி முடிந்து பாத்தியில் கீரை துளிர்த்த பிறகுதான் கூலி சுருங்குகிறது.

மழையில் பாத்தியில் முதலில் போவது மிளகாய். வேரடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் காற்றில்லாமல் வேர் அழுகும். வெயில் வந்ததும் இலை தொங்கும்; தாகம் என்று மறுபடி தண்ணீர் ஊற்றுவார்கள், அதோடு சரி. இலை பச்சையாகவே திடீரென வாடினால் அடித்தண்டை அறுத்து, வெட்டிய முனையைக் கிளாஸ் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். பால் நூல் போல இறங்கினால் பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி வீசிவிட்டு, அங்கே மிளகாய், கத்தரி, தக்காளி வைக்காமல் சோளம் போடலாம்.

பாத்தி ஒரு அடி உயரம், மூன்று அடி அகலம், இடையில் ஒரு அடி வாய்க்கால். வாய்க்கால் போய்ச் சேரும் லங்காங் (பெரிய சாக்கடைக் கால்வாய்) அதைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் திரும்பி வரும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஆலையிலிருந்து வரும் வெறுங்குலையை, அதாவது பழம் நீக்கிய செம்பனைக் குலையை, மண்ணோடு கலக்காதீர்கள். மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், கீரை மஞ்சளாகும். மேலே ஒரே அடுக்காகப் பரப்பினால் போதும். குவித்தால் செம்பனைக் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும்.

தண்ணீர் தேங்கும் தாழ்வான மூலைக்குக் கங்குங் கீரை. மரவள்ளியை மேட்டில்தான் நடவேண்டும், தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். கடும் வெயிலில் பூ உதிர்க்கும் மிளகாயை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை, விலை எவ்வளவு ஏறினாலும்.

வெள்ளத்தில் முழுகிய கீரையைக் கழுவிச் சமைக்கலாம் என்று நினைக்கவேண்டாம். அந்தத் தண்ணீரில் கக்கூஸ் கழிவும் களைக்கொல்லியும் கலந்திருக்கும். பிடுங்கி எறிந்துவிட்டு, மண் உலர்ந்ததும் கங்குங் விதை தூவினால் மூன்று நான்கு வாரத்தில் அறுக்கலாம்.