கொங்காவில் காதுக்கு எட்டாத இடது கை

லத்தீன் ஜாஸில் டிரம்பெட்டுக்கே காது போகும். டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழு 1947 டிசம்பர் 30இல் பதிவுசெய்த 'மன்டேகா'வை மறுபடி போடுங்கள். இந்த முறை கியூபாக்காரர் சானோ போசோவின் கொங்காவை (கையால் தட்டும் உயரமான கியூப மத்தளம்) மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.

கொங்காவில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைத் தாள நடைக்குப் பெயர் டும்பாவோ. நான்கு எண்ணிக்கைக்கு எட்டுத் தட்டு: இடது உள்ளங்கை அடி, இடது விரல், வலது ஸ்லாப் (பட்டென்று கூர்மையாக ஒலிக்கும் அறை), இடது விரல், மறுபடி இடது உள்ளங்கை அடி, இடது விரல், கடைசியில் வலது கையால் இரண்டு திறந்த அடி. கேட்பவருக்குத் தெளிவாக விழுவது 3, 7, 8ஆம் தட்டுகள் மட்டுமே. ஆனால் மற்ற ஐந்தும்தான் காலத்தைக் காக்கின்றன. புதிதாகக் கற்பவர்கள் இடது கையைச் சோம்பவிடுவதால்தான் 7, 8 முந்தி ஓடுகின்றன. இது மிகப் பரவலான பிழை.

திறந்த அடியில் விரல்களைச் சேர்த்து, விளிம்பில் பட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு கணம் தங்கினாலும் நாதம் செத்துவிடும். ஸ்லாப்புக்கு வலு தேவையில்லை, விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும்.

கியூப இசைக்கு அடித்தளமான ஐந்து அடித் தாளம் கிளாவே தனிக்கதை: 16 துடிப்பில் 1, 4, 7, 11, 13ஆம் துடிப்புகளில் அடி விழும். முதலில் இதைக் கைதட்டிப் பழகிவிட்டு, பிறகு டும்பாவோவுக்கு வாருங்கள்.

லத்தீன் தாளக் கலைஞர் டிட்டோ புவென்டேயின் 'புவென்டே இன் பெர்கஷன்' இசைத்தொகுப்பில் பியானோ, ஊதுகருவி எதுவுமில்லை. தாளக் கருவிகளும் பேஸும் (கீழ்ச் சுருதித் தந்திக் கருவி)தான். காதைப் பழக்க அதைவிட நல்ல இடம் இல்லை.