மழைக்கு முன் ஓர் அறை: டர்பன் நாட்குறிப்பு

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த எங்கள் வீட்டை விற்றாகிவிட்டது. செப்டம்பர் முதல் தேதிக்குள் சாவியை ஒப்படைக்க வேண்டும். வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீடு அடுத்த ஏப்ரலில்தான் கைக்கு வரும் என்பதால், அதுவரை குடியிருக்கப் போகும் சிறிய வாடகை வீட்டில் எங்கள் ஐவருக்கு இடம் உண்டு, சாமான்களுக்குத்தான் இல்லை. இன்று மாலை கார் நிறுத்தும் கொட்டகையின் தரையில் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் என்று சாக்கட்டியால் ஒரு சதுரம் வரைந்து, வாடகைக் கிடங்கில் வைக்க வேண்டியவற்றை அதற்குள் அடுக்கிப் பார்த்தோம். தேக்கு அலமாரி, தையல் இயந்திரம், கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, மறைந்த மாமாவின் பதினொரு பெட்டிப் புத்தகங்கள் எல்லாம் அடங்கின. மாமா ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் எடுத்த காவடி அடங்கவில்லை. அதன் மரவளைவைக் கழற்ற முடியாது. மேலே எதையும் வைக்கவும் கூடாது. அத்தை அதைச் சதுரத்துக்கு வெளியே சுவரோரம் சாய்த்துவிட்டு, "முதல்ல இதுக்கு இடம் பாரும்மா, மத்தது எப்படியும் இருக்கும்" என்றார்.

9 ஆகஸ்ட், சனி

பெண்கள் தின விடுமுறை. முதல் கிடங்கைப் பார்க்க வேண்டுமென்றே இன்று போனேன், ஏனென்றால் விடுமுறை நாளில் அலுவலகம் மூடியிருக்கும்போது வாயிற்கதவு எப்படித் திறக்கிறது, காவலர் இருக்கிறாரா, யாரை அழைக்க வேண்டும் என்பதை எந்த விளம்பரத்தாளும் சொல்லாது. ஸ்பிரிங்ஃபீல்டில் உம்கேனி ஆற்றுக்கு அருகில் உள்ள கிடங்கு அது. பார்க்க நினைத்த மூன்று இடங்களில் இதுதான் மலிவு, வீட்டிலிருந்து போவதும் எளிது, கதவுக்கு எண் பூட்டு, சுற்றிலும் மின்வேலி, புதிதாக வெள்ளையடித்த சுவர். கணவருக்கு அப்போதே பிடித்துவிட்டது.

எனக்கு அந்த வெள்ளையடிப்புதான் உறுத்தியது. கடைசி வரிசையில், கழிவுநீர்க் குழாயின் பின்புறம் மட்டும் பெயின்ட் எட்டாமல் விட்டுப்போயிருந்தது. அங்கே என் முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு நேராக ஓடியது. அதற்குக் கீழே சுவர் சற்று மங்கல், மேலே பளிச். கொல்லையில் தண்ணீர் தேங்கி வடிந்த தொட்டியில் நாம் பார்த்திருக்கும் அதே கோடு.

10 ஆகஸ்ட், ஞாயிறு

அந்தக் கோட்டைப் பற்றிச் சொன்னபோது அத்தை வியக்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டின் ஆற்றுப்படுகையில் நம் மக்கள் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த காலத்திலேயே இது தெரிந்த கதை. 1917 அக்டோபரில் உம்கேனி பெருகி, டின் டவுன் என்ற தகரக் குடியிருப்பை அடித்துச் சென்றபோது, படவட்டான் ஆறுபேர் என்று இன்றும் போற்றப்படுகிறவர்கள் படகில் சென்று 176 பேரைக் கரை சேர்த்தார்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் எழுந்த அம்பலவாணர் ஆலயத்தையும் 1905 வெள்ளம்தான் கொண்டுபோனது. செதுக்கு வேலைப்பாடுள்ள அதன் பழைய கதவுகள் இன்று பெல்லேர் சாலையிலுள்ள கோயிலில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? 2022 ஏப்ரலில் பிராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலைக்குள்ளேயே வெள்ளம் புகுந்து உற்பத்தி மாதக்கணக்கில் நின்றதை ஊரே பார்த்தது. ஆற்றோரத்தை விட்டுவிட்டோம். கணவர் இன்னும் அந்த வாடகை வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

13 ஆகஸ்ட், புதன்

அடுத்தது மேட்டில் உள்ள கப்பல் கன்டெய்னர் முற்றம். ஆறு மீட்டர் நீள இரும்புப் பெட்டி முழுவதும் நமக்கே, அதுவும் ஓர் அறைக்கான வாடகையில்! ஆனால் பகலில் சூடேறி இரவில் குளிரும் இரும்புக் கூரையின் உட்புறத்தில் காற்றின் ஈரம் படிந்து, மழைபோலவே சொட்டும். உப்புக்காற்று வீசும் இந்த ஊரின் கோடையில் மயிற்பீலியும் புத்தகமும் அதற்குள் எட்டு மாதம் தாங்கா. காலையிலேயே போனதால் கூரையில் அந்தத் துளிகளை விரலால் தொட்டே பார்த்தேன். திரும்பிவிட்டோம்.

16 ஆகஸ்ட், சனி

பைன்டவுன் மேட்டில் செங்கல் சுவரும் சிமென்ட் தரையுமாக ஒரு கிடங்கு. தரை முற்றத்தைவிட ஒரு படி உயரம். கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்பு விரிப்பு உண்டு. ஒரு மாத வாடகை முன்பணம், பூட்டு நம்முடையது. கேஸ் சிலிண்டர், பெட்ரோல், உணவுப்பொருள் வைக்கக் கூடாது.

ஒப்பந்தத்தை அலுவலகத்திலேயே உட்கார்ந்து முழுவதும் படித்தேன். மேலாளர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். மாதாமாதம் புதுப்பிக்கும் ஒப்பந்தம், விலக ஒரு மாத அறிவிப்பு. ஓராண்டுக்குக் கையெழுத்திட்டால் தள்ளுபடி என்றார்கள். காலவரையறையுள்ள ஒப்பந்தத்திலிருந்தும் 20 வேலைநாள் எழுத்து அறிவிப்புடன் விலக 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி தருகிறது என்றாலும், அதற்கு நியாயமான அபராதம் உண்டு என்பதால் மறுத்துவிட்டேன். வாடகை பாக்கி விழுந்தால் சாமானைப் பிடித்து வைக்கலாம் என்ற விதியின் கீழே பென்சிலால் கோடிட்டேன்; தானியங்கிக் கட்டணம் ஒரு மாதம் தவறினால் போதும், நம் பூட்டின்மேல் அவர்கள் பூட்டு ஏறிவிடும்.

காப்பீடுதான் இழுத்தது. வீட்டுக்கு எடுத்த காப்பீடு வேறிடத்தில் வைத்த பொருளுக்குத் தானாகச் செல்லாது; எழுதிக் கேட்டு, முகவரியைச் சேர்க்க வைத்தோம். 2021 ஜூலைக் கலவரத்தில் இங்கே கிடங்குகள் சூறையாடப்பட்டதை மறக்க முடியுமா? அத்தகைய இழப்பை ஈடுசெய்வது அரசின் சாஸ்ரியா நிறுவனம் மட்டுமே என்பதால், அந்தப் பிரிவும் சேர்ந்திருக்கிறதா என்று தனியாகக் கேட்டு வாங்கினேன்.

30 ஆகஸ்ட், சனி

சாமான் ஏற்றினோம். தரையில் மரப் பலகைத் தட்டுகள், சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி, குளிர்சாதனப் பெட்டியின் கதவு ஒரு துண்டு கட்டையால் திறந்தபடி. காவடியின் பீலிகளைப் பருத்தித் துணியில் சுற்றி அத்தையே உள்ளே கொண்டுவந்தார். பிளாஸ்டிக் உறையைப் பையன் நீட்டியபோது, "புழுங்கிடும்பா" என்று தள்ளிவிட்டார். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா ஒன்றைப் புத்தகங்களருகே வைத்தேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

இரவெல்லாம் மழை பெய்திருந்தது. காலையில் போய் ஷட்டரை ஏற்றினோம். தரை காய்ந்திருந்தது, அட்டைப் பெட்டிகளின் அடி மொரமொரப்பாகவே இருந்தது. அத்தை துணியை விலக்கிப் பீலிகளை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சுற்றினார். டப்பாவில் மட்டும் இரண்டு விரற்கடை நீர் சேர்ந்திருக்கிறது. கோடை இன்னும் தொடங்கவே இல்லை. அடுத்த முறை மூன்று டப்பா வாங்கிப் போக வேண்டும், ஷட்டரின் அடி ரப்பர் வலது மூலையில் கிழிந்திருப்பதையும் மேலாளருக்கு எழுத வேண்டும்.