கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாதாவின் காலடியில்

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வீட்டில் ஒரு குறையும் இல்லை. வாசலில் நட்சத்திரம், கூடத்தில் குடில், நடுச்சாமத் திருப்பலி, விடிந்ததும் பிரியாணி வாசம். தெருவில் பதினோரு வீட்டுக்குப் பலகாரத் தட்டு போனது. அடுத்த தெருவில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அம்மா இறந்த பிறகு வீட்டுப் பாகப்பிரிவினையில் வந்த பேச்சு, இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லாமல் போய்விட்டது. பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும்போது அவன் மூன்று பெஞ்சு முன்னால்தான் நின்றான். நான் பக்கத்திலிருந்த எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு, சரியாக அவன் திரும்பும்போது பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

அன்று ராத்திரியே திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறினேன். அம்மாவின் நேர்ச்சை பாக்கி இருந்தது. 2017-ல் தம்பிக்கு டெங்கு வந்து, தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன அந்த ஐந்து நாளில், "பிள்ளை பிழைத்தால் உன் ஆலயத்துப் புனிதப் பாதையில் முழங்காலில் வருகிறேன் தாயே" என்று அம்மா நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். அம்மாவுக்கு முட்டி தேய்ந்து உட்கார்ந்தால் எழ முடியாமல் போனது. கடைசி நாட்களில் என் கையைப் பிடித்து, "நீயாவது செஞ்சிடும்மா" என்றார். வேளாங்கண்ணி ஆலயம் பசிலிக்கா என்ற சிறப்பு நிலைக்கு உயர்ந்த 1962-ல் பிறந்தவர் என்பதால் மாதா பெயரையே சுமந்தவர். அவர் வாக்கை எத்தனை நாள் தள்ளிப்போடுவது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் தூக்கத்தில் போய்விட்டன. இறங்கியதும் லாட்ஜ் தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பை வைக்க ஒரு அறைக்குச் சொன்ன வாடகையைக் கேட்டு வயிறு எரிந்தது. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டுக் காசுக்கு நிற்கிறார்கள். மாதாவைத் தேடி ஏழைகள்தான் அதிகம் வருகிறார்கள். அவர்களிடம் இப்படிப் பிடுங்குவதை யாராவது தடுக்கக் கூடாதா?

காலைப் பூசையில் சாமியார் சிவப்பு உடையில் வந்தார். முந்தின நாள் பாலன் பிறப்புக்கு வெள்ளை, மறுநாளே வேதசாட்சி முடியப்பருக்குச் சிவப்பு. கல்லெறிந்து கொன்றவர்களின் பாவத்தை அவர்கள்மேல் சுமத்தாதேயும் என்று வேண்டிக்கொண்டே உயிர்விட்டவர் அவர். எத்தனையோ வருஷம் கேட்ட வாசகம்தான், இந்தத் தடவை உள்ளே எங்கேயோ குத்தியது.

அப்புறம் மாதா முன்னால் போனேன். பின்னாலிருந்து இடிக்கிறார்கள், செல்போன்கள் உயர்கின்றன, "நகருங்க, நகருங்க" என்று சத்தம். சேலை கட்டி, பாலனைக் கையில் ஏந்தி நிற்கும் அந்த முகத்தைப் பார்த்தவுடன் எல்லாச் சத்தமும் அடங்கிவிட்டது. செபிக்க வாய் திறந்தேன். பிள்ளைகள் பெயரைச் சொன்னேன், வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். நேர்ச்சையே தம்பிக்காகத்தான், ஆனால் அவன் பெயர் மட்டும் வரவில்லை. தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. மாதா பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அழுதுகொண்டே நகர்ந்தேன்.

மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதைதான் அந்தப் புனிதப் பாதை. அதில் முழங்காலிட்டேன். மழையில் நனைந்து இறுகிய மணல். இருபது எட்டு வைப்பதற்குள் கிளிஞ்சல் துண்டு ஒன்று வலது முட்டியில் ஏறியது. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு 'அருள் நிறை மரியே' செபம். பாதி வழியில் இனி முடியாது என்று கைகளை ஊன்றி நின்றபோது, சின்ன வயதில் அம்மா சொல்வது நினைவுக்கு வந்தது: "மாதா திருநாள் பார்த்தா வந்தா? வேலை நேரத்துலதான் வந்தா." உண்மைதானே. இந்தக் குளத்தங்கரை ஆலமரத்தடியில் பால் கொண்டுபோன பையனிடம் பிள்ளைக்குப் பால் கேட்டாள். இதே ஊர் நடுத்திட்டு என்ற இடத்தில் வெயிலில் மோர் விற்ற கால் ஊனமான பையனிடம் மோர் கேட்டாள். இருவரும் பிழைப்பு பார்த்துக்கொண்டிருந்த சாதாரண நாளில், கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். நான் குடில் வைத்தேன், பதினோரு தட்டு அனுப்பினேன். மாதா கேட்பது பன்னிரண்டாவது தட்டை. அந்த இடத்தில்தான் தம்பி பெயர் வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு எட்டுக்கும் அவன் பெயர்தான்.

சாயங்காலம் சுனாமி நினைவிடத்துக்குப் போனேன். 2004-ல் இதே டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்துமஸ் முடித்து மாதாவைப் பார்க்க வந்த எத்தனை பேரைக் கடல் கொண்டுபோனது! வயதான அம்மா ஒருவர் செவ்வந்திப் பூவை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். யாரை இழந்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பும் வழியில் மந்திரித்த எண்ணெய் இரண்டு பாட்டில் வாங்கினேன், எங்களுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று.

மறுநாள் சாயங்காலம் அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். தம்பி மனைவி என்னைப் பார்த்ததும் பேச்சற்று நின்றாள். அவன் வந்தான், நான் நொண்டுவதைப் பார்த்தான்.

"என்னக்கா முட்டியில?"

அம்மாவின் நேர்ச்சையை அப்போதுதான் சொன்னேன். அவனுக்குத் தெரியவே தெரியாதாம். அம்மா அவனிடம் சொன்னதே இல்லை. "எனக்காகவா?" என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அந்த எண்ணெயையே எடுத்து, கிளிஞ்சல் கிழித்த இடத்தைச் சுற்றித் தடவிவிட்டான், சின்ன வயதில் நான் அவனுக்குச் செய்த மாதிரி.

தாயே, ஆரோக்கிய மாதாவே, என் அம்மாவின் வாக்கைக் காப்பாற்றிக் கொடுத்தாயே. பெயர்கூடச் சொல்ல முடியாமல் நின்றவளை அவன் வாசல்வரை கூட்டிப்போனாயே. உமக்குக் கோடி நன்றி. மரியே வாழ்க!